விடியற்காலையில் பறவைகளைப் படம் எடுக்கப் போனால் கிட்டே போகும்முன் பறந்துவிடுகின்றன. என்ன செய்வது?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் மூன்று நான்கு முறை அதிகாலையில் கேமராவோடு ஒரு நீர்நிலைக் கரைக்குப் போயிருக்கிறீர்கள். போய்ச் சேரும்போது கரை நிறையப் பறவைகள் இருக்கின்றன. நாலடி எடுத்து வைப்பதற்குள் எல்லாம் எதிர்க்கரைக்குப் போய்விடுகின்றன. தூரத்திலிருந்து எடுத்த படங்கள் சின்னதாக, மங்கலாக வருகின்றன. கையில் இருப்பது 300 மில்லிமீட்டர் வரை போகும் ஜூம் லென்ஸ். 600 வாங்கினால் சரியாகுமா என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்கு வாங்காதீர்கள். ஒரு கணக்கு மட்டும் பாருங்கள். 20 மீட்டர் தள்ளி இருக்கும் பறவை 600 மில்லிமீட்டர் லென்ஸில் எவ்வளவு பெரிதாக விழுமோ, 10 மீட்டரில் இருக்கும் பறவை உங்கள் 300-இலேயே அவ்வளவு பெரிதாக விழும். நடுவில் இருக்கும் காற்றும் பாதியாகக் குறைவதால் இன்னும் தெளிவாகவே வரும். ஆக, உங்களுக்கு வேண்டியது அந்தப் பத்து மீட்டர்தான். அதை நீங்கள் நடந்து குறைக்க முடியாது, பறவைதான் குறைக்க வேண்டும். அப்படி அதைக் குறைக்க வைக்க ஒரு வழி இருக்கிறது: விடிவதற்கு முன்பே போய் உட்கார்ந்துவிடுவது.

‘விடிந்ததும் போகிறேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. விடிந்தபின் நீங்கள் போகும்போது பறவைகள் ஏற்கெனவே இடம்பிடித்து இரை தேடத் தொடங்கியிருக்கும். நிமிர்ந்து நடந்து வரும் ஓர் உருவம் அவற்றுக்கு அபாயம். இருட்டோடு போய் உட்கார்ந்திருந்தால் கதையே வேறு. அவை வரும்போது நீங்கள் அங்கே இருக்கும் ஒரு கல், ஒரு புதர். அசையாத வரைக்கும் அந்தக் கணக்கில்தான் உங்களை வைத்திருக்கும்.

எவ்வளவு முன்னால் போக வேண்டும்? சூரியன் அடிவானத்துக்கு 6 பாகை கீழே வரும்போதே வழி தெரியும் அளவுக்கு வெளிச்சம் வந்துவிடும். நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் அதற்கும் சூரியன் தலைகாட்டுவதற்கும் இடையே இருபது, இருபத்தைந்து நிமிடங்கள்தான். துருவப் பக்கம் போகப் போக இந்த நேரம் நீளும். எங்கே இருந்தாலும் சூரிய உதயத்துக்கு முக்கால் மணி நேரம் முன்பு உட்கார்ந்துவிடுவது நல்லது. முதல் பதினைந்து நிமிடம் உங்கள் வரவால் கலைந்தது அடங்குவதற்கே போய்விடும்.

பறவைகள் ஏன் விடியலில் இவ்வளவு மும்முரமாக இருக்கின்றன என்று தெரிந்துகொள்வது படத்துக்கும் உதவும், பறவைக்கும் உதவும். சிறிய பறவைகளின் உடல் சூட்டைக் காப்பதற்கே இரவு முழுக்க கொழுப்பு கரைகிறது. குளிரான இரவில் சில சிறு பறவைகள் எடையில் பத்தில் ஒரு பங்கு வரை இழந்துவிடும். அறுபது கிலோ மனிதர் படுத்து எழுவதற்குள் ஆறு கிலோ குறைவதைப் போன்றது அது. அந்தப் பசியோடுதான் அவை இறங்குகின்றன. அதனால்தான் காலை முதல் ஒரு மணி நேரத்தில் கிட்டே வந்துகூட மேயும். அதே காரணத்தால்தான் அந்த நேரத்தில் ஒரு பறவையை வீணாகக் கிளப்பிவிடுவது அதற்குப் பெரிய நட்டம். மத்தியானத்தில் கிளப்பிவிடுவதும் காலை ஆறு மணிக்குக் கிளப்பிவிடுவதும் ஒன்றல்ல.

பாட்டும் அந்த வேளையில்தான். இன்னும் இரை கண்ணுக்குத் தெரியாத அரையிருட்டில் எல்லையை அறிவிப்பதற்கும் துணையை அழைப்பதற்கும் நேரம் இருக்கிறது. பெரிய கண்ணுள்ள இனங்கள் முந்திப் பாடத் தொடங்குகின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, குறைந்த வெளிச்சத்தில் அவற்றுக்குத்தான் முதலில் பார்வை பிடிபடுகிறது. இருட்டில் உட்கார்ந்திருக்கும் அந்த நேரத்தை வீணென்று நினைக்காதீர்கள். எந்தக் குரல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கேட்டுக்கொண்டே இருங்கள். வெளிச்சம் வந்ததும் லென்ஸை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பது அதற்குள் தெரிந்திருக்கும்.

சரி, இருட்டில் எங்கே உட்காருவது என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் முதல் நாள் மாலையிலோ, முந்தைய வாரத்திலோ ஒருமுறை கேமரா இல்லாமல் போய் வர வேண்டும். நான் இதை விட்டுக்கொடுப்பதே இல்லை. மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, சூரியன் எங்கே எழும் என்பது. அது உங்கள் முதுகுக்குப் பின்னாலோ தோளுக்குப் பின்னாலோ வரும்படி இடம் வேண்டும். இரண்டாவது எச்சம். நீரில் நட்டிருக்கும் குச்சி, துருத்திக்கொண்டிருக்கும் கல், காய்ந்த கிளை, இவற்றில் எதில் வெள்ளையாக எச்சம் வழிந்து படிந்திருக்கிறதோ அதுதான் ஏதோ ஒரு பறவை நாள்தோறும் வந்து உட்காரும் இடம். அந்தக் குச்சிக்கு எட்டுப் பத்து மீட்டர் தள்ளி உங்கள் இடத்தைத் தீர்மானியுங்கள். மூன்றாவது, உங்கள் கால் வைக்கும் வழி. பகலில் பார்க்காத பாதையில் இருட்டில் நடக்காதீர்கள். டார்ச் வெளிச்சம் தரையை மட்டும் பார்க்கட்டும். பாம்பு நடமாடும் இடமென்றால் உட்காருமுன் சுற்றிலும் ஒரு தடவை அடித்துப் பாருங்கள். எங்கே போகிறீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

கேமரா வேலையையும் முதல் நாள் இரவே முடித்துவிடுங்கள். பேட்டரி, மெமரி கார்டு எல்லோருக்கும் தெரிந்ததுதான். பலர் மறப்பது இரண்டு. முந்தைய முறை நல்ல வெயிலில் வைத்திருந்த அமைப்பு அப்படியே இருக்கும், அதை அரையிருட்டுக்கு ஏற்றபடி மாற்றி வைக்க வேண்டும். இன்னொன்று, ஏசி அறையில் வைத்திருந்த லென்ஸை ஈரக்காற்றுள்ள வெளியில் எடுத்த உடனே கண்ணாடியில் பனி படிந்துவிடும். துடைக்கத் துடைக்கப் படியும். அருமையான முதல் இருபது நிமிடம் அதிலேயே போய்விடும். பையை இரவே ஏசி இல்லாத இடத்தில் வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

உட்காரும் விதத்துக்கு வருவோம். நின்றுகொண்டிருக்கும் மனித உருவம்தான் பறவைகளுக்கு மிகவும் பழகிய ஆபத்துச் சின்னம். உட்காருங்கள், முடிந்தால் படுத்துக்கொள்ளுங்கள். முதுகுக்குப் பின்னால் புதரோ மேடோ இருந்தால் உங்கள் தலையும் தோளும் வானத்தில் தனியாகத் தெரியாது. உடை மண் நிறமோ மங்கிய பச்சையோ போதும், அதற்கென்று தனியாக எதுவும் வாங்க வேண்டாம். உண்மையில் உடையைவிடக் காட்டிக்கொடுப்பது முகமும் கையும்தான். தலையைத் திருப்புவதும் கொசுவை அடிப்பதும் கேமராவைச் சட்டென்று தூக்குவதும்தான் பறவையை எழுப்பிவிடுகின்றன. பல பறவைகளுக்குக் கண் பக்கவாட்டில் இருப்பதால் பின்பக்கமும் பெரும்பகுதி தெரியும். வேகமான அசைவைப் பிரித்தறிவதிலும் அவை நம்மைவிடக் கூர்மை. நம் கண் நொடிக்கு சுமார் அறுபது மினுக்கத்துக்கு மேல் போனால் தொடர்ந்த ஒளியாகவே காணும். சில சிறு பறவைகளின் கண் நூறைத் தாண்டியும் தனித்தனியாகக் காணும். ஆகவே கையைத் தூக்குவதானால் நிழல் நகரும் வேகத்தில் தூக்குங்கள். அதைவிட நல்லது, கேமராவை ஏற்கெனவே கண் மட்டத்தில் தாங்கலில் வைத்துவிடுவது. டிரைபாட் வேண்டும் என்றில்லை, அரிசியோ மணலோ நிரப்பிய ஒரு துணிப்பையைத் தரையில் வைத்து அதன்மேல் லென்ஸைக் கிடத்தினாலும் போதும்.

ஆள்காட்டிக் குருவியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதற்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் நன்றாகப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். அது ஒன்று உங்களைக் கண்டு கத்தத் தொடங்கினால் அந்தக் கரை முழுக்கத் தலை நிமிர்ந்துவிடும். வரும் வழியில் ஆள்காட்டி எழுந்து தலைக்கு மேல் சுற்றினால் அப்படியே நில்லுங்கள், அல்லது வந்த வழியே சற்றுப் பின்வாங்குங்கள். அது திரும்பத் திரும்ப உங்களைச் சுற்றியே வந்தால் பக்கத்தில் தரையில் முட்டையோ குஞ்சோ இருக்கிறது என்று அர்த்தம். அந்த இடத்தை விட்டு விலகி வேறு பக்கம் போக வேண்டியதுதான்.

மறைவிலிருந்து பறவையைப் படம் எடுப்பது நூறாண்டுக்கு மேல் பழைய வித்தை. இங்கிலாந்தில் ரிச்சர்டு, செர்ரி கியர்ட்டன் என்ற சகோதரர்கள் 1890-களிலேயே காட்டுப் பறவைகளையும் கூடுகளையும் படம் எடுக்கத் தொடங்கினார்கள். ஒரு ஆள் உள்ளே நிற்கும்படி எருதின் தோலில் ஒரு பொய் எருதையே செய்துவைத்து, அதற்குள் கேமராவோடு புகுந்துகொண்டார்கள். பறவை எருதைக் கண்டு பயப்படாது என்பதுதான் அவர்கள் பிடித்த சூட்சுமம். இன்றைக்கு அதே வேலையைக் கார் செய்கிறது. நடந்து போனால் ஐம்பது மீட்டரில் எழும் பறவை, மெதுவாக வந்து நிற்கும் காரைப் பல நேரம் பொருட்படுத்தாது. சாலையோரமாகவே உங்கள் நீர்நிலை இருந்தால் இன்ஜினை அணைத்துவிட்டு, கண்ணாடியை முன்கூட்டியே இறக்கி வைத்து, உள்ளிருந்தபடியே எடுங்கள். கதவை மட்டும் திறக்காதீர்கள்.

இதையெல்லாம் நான் முதலில் நம்பவில்லை. ஒரு காலத்தில் ஒரு சிறு நீல மீன்கொத்தியைக் காலை முழுவதும் குளத்தைச் சுற்றித் துரத்தியிருக்கிறேன். நான் போனால் அது அடுத்த குச்சிக்குப் போகும், நான் அங்கே போனால் பழைய குச்சிக்கே திரும்பும். நான்காவது சுற்றில் காலில் முள் ஏறி, கரைச் சரிவில் உட்கார வேண்டியதாயிற்று. முள்ளை எடுத்துவிட்டு வலி அடங்கட்டும் என்று பேசாமல் இருந்தேன். கால் மணி நேரம் ஆகியிருக்கும். ‘ச்சீ’ என்று கூரிய ஒரு குரல். நீல நிறம் நீரை ஒட்டி வந்து, என் முழங்காலுக்கு நேரே ஐந்து மீட்டரில் இருந்த குச்சியில் உட்கார்ந்தது.

உட்கார்ந்ததும் தலையை இரண்டு முறை மேலும் கீழும் அசைத்தது. கீழலகு செம்மஞ்சளாக இருந்தது, அது பெண். ஆணுக்கு அலகு கிட்டத்தட்ட முழுதும் கறுப்பு. இந்த வித்தியாசத்தை அதற்கு முன் படத்தில்தான் பார்த்திருந்தேன். ஒரு கணம் குச்சி காலியாக இருந்தது, அடுத்த கணம் அலகில் ஒரு சிறு மீனோடு அதே குச்சியில் இருந்தது, மார்பிலிருந்து சொட்டிய நீர் குச்சியில் வழிந்தது. மீனின் வாலைப் பிடித்துக்கொண்டு, தலையைக் குச்சியில் இடதும் வலதுமாக அடித்தது. அடிக்கும் சத்தம் கேட்டது, தச்சர் ஆணியைத் தட்டிப் பார்ப்பதைப் போல. அப்புறம் மீனை அலகுக்குள்ளேயே திருப்பி, தலை முதலில் உள்ளே போகும்படி விழுங்கியது. நான் இரண்டு படம்தான் எடுத்தேன். கேமரா மடியில் இருந்தது, தூக்கினால் பறந்துவிடும் என்று தூக்காமல் அங்கிருந்தபடியே எடுத்தேன். அன்றிலிருந்து நான் எந்தப் பறவையையும் துரத்துவதில்லை.

மீனை அது பிடித்திருக்கும் விதத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள், இதில் ஒரு முக்கியமான செய்தி இருக்கிறது. தானே விழுங்குவதற்கென்றால் மீனின் தலை தொண்டையைப் பார்த்திருக்கும். தலை வெளிப்புறமாக இருக்கும்படி பிடித்துக்கொண்டு பறந்தால் அது யாருக்கோ ஊட்டப் போகிறது, துணைக்கு அல்லது குஞ்சுக்கு. அப்படி ஒரு மீன்கொத்தி மீனோடு குச்சியில் உட்கார்ந்து, போகாமல் தயங்கிக்கொண்டே இருந்தால், பக்கத்துக் கரையில் அதன் வளை இருக்கலாம், நீங்கள் குறுக்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். எழுந்து விலகிவிடுங்கள். அன்றைக்கு வேறு பறவை கிடைக்கும்.

மீன்கொத்தி மட்டுமல்ல, கரிச்சான், பஞ்சுருட்டான், ஈப்பிடிப்பான் எல்லாமே ஒரே இடத்துக்குத் திரும்பித் திரும்பி வரும் பறவைகள். பூச்சியைப் பிடிக்கப் பாயும், மறுபடி அதே கிளைக்கே வரும். தொடக்கத்தில் இவற்றை எடுத்துப் பழகுங்கள். கிளையில் ஃபோகஸ் வைத்துக்கொண்டு காத்திருந்தால் போதும். பஞ்சுருட்டான் தேனீயைக் கொண்டுவந்து கிளையில் தேய்த்துத் தேய்த்து விஷத்தைப் போக்கும் காட்சி, நிதானமாக உட்கார்ந்திருப்பவருக்கு ஒரே காலையில் பத்து தடவை கிடைக்கும்.

பைனாகுலர் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் பெரிய லென்ஸுக்கு முன் வாங்க வேண்டியது அதுதான் என்பேன். கேமரா வழியாகப் பார்ப்பவர் படத்தைத்தான் பார்க்கிறார், பைனாகுலர் வழியாகப் பார்ப்பவர் பறவையைப் பார்க்கிறார். அது அடுத்து என்ன செய்யும் என்பது அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் பிடிபடும். விடியலுக்கு 8x42 என்று எழுதியிருப்பது ஏற்றது. எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர். 42-ஐ 8-ஆல் வகுத்தால் வரும் 5.25 மில்லிமீட்டர்தான் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம். இருட்டில் நம் கண்மணி ஏறக்குறைய அந்த அளவுக்கு விரியும். சட்டைப்பையில் அடங்கும் 10x25-இல் இதே கணக்கு 2.5 தான் வரும். பகலில் வித்தியாசம் தெரியாது, அரையிருட்டில் நன்றாகவே தெரியும். பறவையைக் கண்டுபிடிக்க ஒரே தந்திரம்: பறவையிலிருந்து கண்ணை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவருவது. குனிந்து அதைத் தேடி எடுத்தால் நிமிரும்போது பறவை இருக்காது.

இனி மங்கல் பற்றி. மங்கல் என்று ஒரே வார்த்தையில் சொல்கிறோம், ஆனால் அது நாலு விதம், நாலுக்கும் மருந்து வேறு. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கிளை தெளிவாக இருந்து பறவை மட்டும் கலங்கியிருந்தால் பறவை அசைந்திருக்கிறது, ஷட்டர் திறந்து மூடும் வேகம் போதவில்லை. கிளை, இலை, பறவை எல்லாமே ஒரே திசையில் இழுபட்டதுபோல் இருந்தால் உங்கள் கை ஆடியிருக்கிறது. பறவைக்கு முன்னாலோ பின்னாலோ இருக்கும் புல் மட்டும் கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் தவறிவிட்டது. எல்லாமே சாம்பல் பூத்தமாதிரி, ஓரங்கள் நெளிந்தமாதிரி இருந்தால் அது காற்றின் வேலை. தரையும் நீரும் சூடேறியபின் மேலே எழும் வெப்பக் காற்று ஒளியை அலைக்கழிக்கிறது. எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸாலும் இதைச் சரிசெய்ய முடியாது. நீங்கள் எட்டரை மணிக்கு மேல் எதிர்க்கரையை எடுத்த படங்கள் பெரும்பாலும் இந்த வகையாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஷட்டர் வேகத்துக்குத் தோராயமான கணக்கு இது. அமர்ந்திருக்கும் பறவைக்கு நொடியில் 500-இல் ஒரு பங்கு இருந்தால் நிம்மதி. பறக்கும் கொக்கு, நாரை போன்ற பெரிய பறவைகளுக்கு 1,600-இல் ஒரு பங்கு. சிறிய பறவை பறக்கும்போது 3,200-இல் ஒரு பங்குகூடப் பற்றாமல் போகும். அரையிருட்டில் இதெல்லாம் எட்டாக் கனி. அபெர்ச்சரை, அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளையை, முழுக்கத் திறந்து வைத்துவிட்டு, ஒளிக்குக் கேமரா காட்டும் உணர்திறனான ஐ.எஸ்.ஓ.-வை ஏற்றுங்கள். 3,200, 6,400 என்று போகத் தயங்க வேண்டாம். புள்ளி புள்ளியாக வரும் இரைச்சலை அப்புறம் மென்பொருளில் பெருமளவு நீக்கிவிடலாம், பறவை அசைந்து கலங்கியதை ஒன்றும் செய்ய முடியாது. லென்ஸ் நன்றாகத் தாங்கலில் இருந்து, பறவையும் அமைதியாக இருந்தால் 60-இல் ஒரு பங்கில்கூட எடுக்கலாம். பறவை தலையைச் சீராகத் திருப்பாது, வெடுக்கென்று திருப்பி ஒரு கணம் நிறுத்தும். பத்துப் படம் தொடர்ச்சியாக எடுத்தால் அந்த நிறுத்தத்தில் ஒன்றாவது விழும். லென்ஸில் இருக்கும் அதிர்வுத் தடுப்பு உங்கள் கை ஆட்டத்தைத்தான் தடுக்கும், பறவையின் ஆட்டத்தை அல்ல.

ஃபோகஸ் எப்போதும் கண்ணில். இறகு எவ்வளவு அழகாக வந்தாலும் கண் மங்கிவிட்டால் அந்தப் படம் போனதுதான். புதிய கேமராக்கள் பறவையின் கண்ணைத் தாமே கண்டுபிடிக்கும். பழையதென்றால் நடுப்புள்ளி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு பறவை நகர நகரக் கூடவே மாறும் தொடர் ஃபோகஸில் எடுங்கள். தாழ்ந்த சூரியன் உங்கள் பின்னால் இருந்தால் பறவையின் கண்ணில் சின்னதாக ஒரு ஒளிப்புள்ளி விழும். அந்தப் புள்ளி இருந்தால் பறவை உயிரோடு பார்க்கும், இல்லாவிட்டால் அதே பறவை பொம்மை மாதிரி இருக்கும். சூரியன் மேலே ஏற ஏற அந்தப் புள்ளி மறைந்து, வயிற்றுப் பக்கம் இருண்டுவிடும். காலை வெயில் என்று எல்லோரும் சொல்வதன் பொருள் நிறம் மட்டுமல்ல, இந்தச் சாய்வும்தான்.

வெள்ளைக் கொக்கும் கரிச்சானும் தொடக்கத்தில் எல்லோரையும் ஏமாற்றும். கேமரா எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். இருண்ட நீரின் முன் நிற்கும் கொக்கு சின்னதாக இருந்தால் கேமரா இருட்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், கொக்கு ஒரு வெள்ளைத் திட்டாகிவிடும், இறகு வரிகளே இருக்காது. அப்போது எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவை, ஒரு படி (பாதியாக) குறையுங்கள். வானத்தின் முன் உட்கார்ந்திருக்கும் கரிச்சானுக்கு நேர்மாறு, ஒன்றிலிருந்து ஒன்றரைப் படி கூட்ட வேண்டும். கேமரா தன் திருத்தம் எதுவும் செய்யாமல் பதியும் ‘ரா’ வடிவத்தில் எடுத்தால் பின்னால் கொஞ்சம் சரிசெய்ய இடமிருக்கும், ஆனால் எரிந்துபோன வெள்ளையை எதுவும் மீட்காது.

பறக்கும் படத்துக்கு வேகமான விரல் வேண்டும் என்று நினைக்கிறார்கள். காற்று எங்கிருந்து வீசுகிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பறவைகள் எழும்போதும் இறங்கும்போதும் காற்றை எதிர்த்தே செய்யும். காற்றும் சூரியனும் இரண்டும் உங்கள் முதுகுப் பக்கமாக இருக்கும் நாளில், வரும் பறவை ஒவ்வொன்றும் வெளிச்சம் முகத்தில் விழ உங்களைப் பார்த்து இறங்கும். கிளம்பப் போகும் பறவை முன்கூட்டியே சொல்லிவிடும். கழுத்தை நீட்டும், உடலைத் தாழ்த்திக் கால்களை மடக்கும், பல நேரம் எச்சமிடும். எச்சமிட்ட கணமே ஷட்டரை அழுத்தத் தயாராகிவிடுங்கள். சத்தமில்லாத மின்னணு ஷட்டர் உட்கார்ந்திருக்கும் பறவைக்கு நல்லது. பல கேமராக்களில் அதே அமைப்பில் பறப்பதை எடுத்தால் சிறகு வளைந்து விகாரமாக வரும், அப்போது சாதாரண ஷட்டருக்கு மாறிக்கொள்ளுங்கள்.

சில இடங்களில் உட்கார வழியிருக்காது, கொஞ்சம் நெருங்கித்தான் ஆக வேண்டும். அப்படியானால் நேர்க்கோட்டில் பறவையையே பார்த்துக்கொண்டு போகாதீர்கள், வேட்டையாடும் விலங்கு அப்படித்தான் வரும். வேறெங்கோ போகிறவரைப் போல் பக்கவாட்டில் சாய்ந்து போங்கள், நாலடிக்கு ஒருமுறை நின்று உட்காருங்கள். மேய்ந்துகொண்டிருந்த பறவை தலையைத் தூக்கி அசையாமல் நின்றால் நீங்களும் நில்லுங்கள். அது மறுபடி தலையைக் குனிந்து மேயத் தொடங்கும்வரை ஓர் அடிகூட வைக்காதீர்கள். அது குனியவே இல்லையென்றால் அன்றைக்கு அதுதான் எல்லை, அங்கிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த எல்லை பறவைக்குப் பறவை மாறும், ஒரே பறவைக்கும் நாளுக்கு நாள் மாறும்.

ஒலிப்பதிவைப் போட்டுப் பறவையை வரவழைக்காதீர்கள். எல்லைக்குள் எதிரி வந்துவிட்டான் என்று நம்பி, இரை தேட வேண்டிய நேரத்தில் அது சண்டைக்கு வருகிறது. கூட்டருகே எடுப்பதும் வேண்டாம். நீங்கள் நிற்கும் வரை தாய் கூட்டுக்கு வராது. முட்டை குளிரலாம், வெயிலில் வேகலாம். படத்துக்காகக் கிளைகளை ஒதுக்கிவிட்டால் காகத்துக்கும் பருந்துக்கும் வழிகாட்டியதாகிவிடும். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்துப் பேசுவதில்லை.

படம் எடுப்பதோடு ஒரு சிறு நோட்டுப்புத்தகமும் வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்கு எந்தப் பறவை எங்கே வந்தது, எத்தனை, காற்று எந்தப் பக்கம். நாலைந்து வாரத்தில் அந்தக் குறிப்பே உங்களுக்கு நேர அட்டவணையாகிவிடும். வட அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் அன்று பறவைகளைச் சுட்டுக் குவிக்கும் போட்டி நடந்துகொண்டிருந்த காலத்தில், சுடுவதற்குப் பதிலாக எண்ணுவோம் என்று பறவையியலாளர் ஃபிராங்க் சாப்மன் அழைத்தார். 1900 டிசம்பர் 25 அன்று 27 பேர் எண்ணினார்கள். அந்தக் கணக்கெடுப்பு இன்றும் ஆண்டுதோறும் நடக்கிறது. உங்கள் பட்டியலையும் இ-பேர்டு என்ற இணையத்தளத்தில் பதியலாம், அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2002-இல் தொடங்கியது அது. அரிய பறவை மட்டுமல்ல, பார்த்த காகத்தையும் மைனாவையும் சேர்த்து முழுப் பட்டியலாகக் கொடுத்தால்தான் பின்னால் ஒரு பறவை குறைகிறதா கூடுகிறதா என்று கணக்கிட முடியும். கூடு தெரியும் படமோ அரிய ஆந்தையின் படமோ வெளியிடும்போது இடத்தின் பெயரைச் சொல்லாதீர்கள், படத்தோடு பதிவாகியிருக்கும் இடக்குறிப்பையும் நீக்கிவிடுங்கள்.

அடுத்த நாலு வாரம் ஒரே குச்சி, ஒரே இடம், உங்கள் 300 லென்ஸ். அதற்குப் பிறகும் பறவை பத்து மீட்டருக்கு வந்து உட்கார்ந்து, அதன் இறகின் வரிகூட எண்ண முடிந்து, இன்னும் வேண்டும் என்று தோன்றினால் அப்போது 600 வாங்குங்கள். காசு வீணாகாது.

கிளம்பும் நேரமும் முக்கியம். எட்டு, எட்டரைக்குப் பிறகு மேய்ச்சல் அடங்கும், எதிர்க்கரை வெப்பத்தில் ஆடத் தொடங்கும், பருந்துகள் சூடேறிய காற்றில் ஏறி வட்டமிடும். கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டுப் பைனாகுலரில் அவற்றைச் சற்று நேரம் பாருங்கள். முன்னால் இருக்கும் பறவைகள் தாமாக விலகும்வரை எழுந்திருக்காதீர்கள். குச்சியில் மீன்கொத்தி இருந்தால் அது அடுத்த மீனுக்குப் பாயும்போது எழுந்து, குனிந்தபடியே பின்பக்கமாக நகர்ந்து வந்துவிடுங்கள். நாளைக்கும் அது அதே குச்சிக்கு வர வேண்டும்.